கழட்டி மாட்டுற மாதிரி மீன் தொட்டி பேக்ரவுண்ட்: வெளிய ஒட்டுறதா, உள்ள வைக்கிறதா?

தொட்டிக்குப் பின்னாடி சுவரும் பில்டர் வயரும் தெரியுதுன்னுதான் எல்லாரும் பேக்ரவுண்ட் தேட ஆரம்பிக்கிறோம், ஆனா வச்ச அன்னைக்கு எப்படி இருக்கும்னுதான் பாக்குறோமே தவிர எடுக்க வேண்டிய அன்னைக்கு என்ன ஆகும்னு யோசிக்கிறதே இல்ல. பின்னாடி ஒரு மீன் செத்து மாட்டிக்கும், ஹீட்டர் போயிடும், இல்ல ஒரே சீனை பாத்துப் பாத்து நமக்கே சலிச்சுப்போகும். நான் அஞ்சு விதமா செஞ்சு பாத்தாச்சு, அதனால எது அழகுங்கறதை விட எது சேதமில்லாம வெளிய வரும்ங்கற கணக்குலதான் சொல்றேன்.

முதல்ல எல்லாரும் வாங்குற பிரிண்ட் பண்ண போஸ்டர் ஷீட். வெட்டி டேப் போட்டா முடிஞ்சுது, புடிக்கலன்னா உரிச்சுடலாம். தொல்லை என்னன்னா ஷீட் கண்ணாடில முழுசா ஒட்டாது, நடுவுல காத்து நிக்கும், அதனால படம் வெளுத்துப்போய் வெள்ளி பூசின மாதிரி திட்டுத்திட்டா தெரியும், போதாக்குறைக்கு தண்ணி தெறிச்சு உள்ள இறங்குச்சுன்னா இன்னும் கேவலமா இருக்கும். இதுக்கு மருந்து கிளிசரின். கண்ணாடி வெளிப்பக்கம் லேசா தடவிட்டு ஷீட்டை வச்சு பழைய ஏடிஎம் கார்டால நடுவுல இருந்து ஓரத்துக்குத் தள்ளினா காத்து வெளிய போயிடும். ஒளியை வளைக்கிறதுல கிளிசரின் கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரியே இருக்கறதால ஷீட்டும் கண்ணாடியும் ஒண்ணு சேர்ந்த மாதிரி நிறம் பளிச்சுனு வரும். எடுக்கணும்னா உரிச்சுட்டு ஈரத்துணியால துடைச்சா போதும், ஆனா ஷீட் நனையாத பிளாஸ்டிக்கா இருக்கணும், பேப்பர் பிரிண்டுன்னா ஊறி நாசமாயிடும்.

வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்கிறதை சிலர் அடிச்சுச் சொல்லுவாங்க. தண்ணில கரைக்கிற ஆக்ரிலிக் பெயிண்ட்னா பிளேடு வச்சு சுரண்டி எடுக்கலாம்ங்கறது உண்மைதான், பாக்கவும் சூப்பரா இருக்கும், ஆனா சுவரை ஒட்டி தண்ணி நிரம்பி நிக்கிற தொட்டிக்குப் பின்னாடி பிளேடோட எப்படிப் போவீங்க? என் கணக்குல இது கழட்டுற வகையே இல்ல.

மேட் கருப்பு சன்போர்டுதான் (விளம்பரப் பலகைக்கெல்லாம் போடுற லேசான பிளாஸ்டிக் ஃபோம் ஷீட்) எனக்கு ரொம்பப் பிடிச்சது. 3 மில்லிமீட்டர் ஷீட்டை தொட்டி அளவுக்கு வெட்டி, பின்கண்ணாடியோட ரெண்டு ஓரத்துலயும் பிளாஸ்டிக் யூ சேனல் ஒட்டி, மேல இருந்து சொருகிட வேண்டியதுதான். இழுத்தா வந்துடும், ஒரு பக்கம் கருப்பு இன்னொரு பக்கம் நீலம்னு வச்சுக்கிட்டா திருப்பிப் போட்டுக்கலாம். கருப்பு வச்ச சில நாள்லயே மீனோட நிறம் ஏறுறது கண்ணுக்குத் தெரியும், வெளிர் நிறத்துல நிறைய மீன் தானும் வெளுத்துக்கும். இதுல ஒரே குறை, காத்து இடைவெளி அப்படியேதான் இருக்கும். முன்னாடி நின்னு பாக்குறப்ப பிரச்சனை இல்ல, ஆனா பக்கவாட்டு கண்ணாடி வழியா பாத்தா பின்கண்ணாடி முகம் பாக்குற கண்ணாடி மாதிரி ஆகி போர்டே தெரியாது, மீன்தான் ரெண்டு ரெண்டா தெரியும். தொட்டியை ஹாலுக்கு நடுவுல பார்ட்டிஷன் மாதிரி வச்சிருக்கறவங்களுக்கு இது உறுத்தும், மூலையில வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணுமே இல்ல.

இப்ப உள்ள வைக்கிற சமாச்சாரம். தெர்மாகோலை பாறை மாதிரி செதுக்கி மேல சிமெண்ட் பூசுற த்ரீடி பேக்ரவுண்ட். வெளிய ஒட்டுற எதுவும் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது, ஒத்துக்கிறேன். ஆனா என்னை அழ வச்சதும் இதுதான்.

என் தொட்டி 90க்கு 45க்கு 45 செமீ. சராசரியா 5 செமீ கனத்துல ஒரே பீஸா ஜோரா செஞ்சுட்டேன். செஞ்சு முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, தொட்டி மேல நடுவுல குறுக்கா ஒட்டியிருக்கிற கண்ணாடிப் பட்டையைத் தாண்டி அது உள்ளயே போகாதுன்னு. சரின்னு ரெண்டா வெட்டி உள்ள இறக்கி, நாலு கல்லை அண்டக் குடுத்து தண்ணி விட்டேன். ராத்திரி டமால்னு சத்தம், லைட் போட்டா பாறை மேல வந்து மிதக்குது, அடியில இருந்த கிராவல் (பொடிக்கல்) எல்லாம் கலங்கிக் கிடக்கு. அப்புறம்தான் உக்காந்து கணக்குப் போட்டேன். 90 x 45 x 5ன்னா 20 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 20 கிலோ விசையோட அது மேல தள்ளுது, அதோட சொந்த வெயிட்டு அதுக்குமுன்னாடி தூசு. கல்லு வச்சு அமுக்கலாம்னா, தண்ணிக்குள்ள ஒரு கிலோ கல்லு 600 கிராம் மாதிரிதான் அமுக்கும், அப்ப 30 கிலோவுக்கு மேல கல்லு வேணும். தொட்டியோட மொத்த 182 லிட்டர்ல 20 லிட்டர் இதுக்கே போச்சுங்கறது தனிக்கதை.

அதனால சிலர் சிலிக்கான் பசை போட்டு பின்கண்ணாடியோட ஒட்டிடுறாங்க. மிதக்காது, ஆனா எடுக்கணும்னா பிச்சுத்தான் எடுக்கணும், அதோட உயிர் அவ்வளவுதான்.

ரெண்டாவது தடவை கனத்தை 2 செமீயா குறைச்சு, பாறை விரிசல் போற வழியிலயே வளைச்சு வளைச்சு மூணு துண்டா வெட்டினேன், ஜாயிண்ட் எங்கன்னு எனக்கே சில நேரம் தெரியாது. ஒவ்வொரு துண்டும் 2.7 லிட்டர்தான். அடியில 10 செமீ அகலத்துக்கு ஒரு ஸ்லேட் கல்லை பாதம் மாதிரி சிலிக்கான்ல ஒட்டி அதுமேல கிராவலை மேடா குவிச்சு, முன்பக்கமும் அங்கங்க ஸ்லேட் துண்டு பதிச்சேன். இப்ப அசையல. எடுக்கணும்னா கிராவலை ஒதுக்கினா போதும், அதுவே மேல வந்துடும்.

இதுக்கு பொறுமை வேணும் சாமி. சிமெண்ட்ல சுண்ணாம்பு கசிஞ்சு தண்ணியோட பிஹெச்சை (அமில, காரத்தன்மை அளவு) ஏத்திடும், டப்ல ஊறப்போட்டு தண்ணி மாத்தி மாத்தி, ஒரு நாள் ஊறின தண்ணியும் குழாய்த் தண்ணியும் ஒரே பிஹெச் காட்டுற வரைக்கும் விடக்கூடாது, வாரக்கணக்குல ஆகும். மலாவி சிக்லிட் மாதிரி காரத் தண்ணி மீன் வளக்குறவங்களுக்கு கொஞ்சம் ஏறினாலும் பரவால்ல, டிஸ்கஸ் மாதிரி மென் தண்ணி மீனுன்னா சிமெண்டே வேணாம், எபாக்சி ரெசின் பூசுங்க. தின்னர் கலந்த ஸ்ப்ரே பெயிண்ட் மட்டும் வேணவே வேணாம், தெர்மாகோலை ஐஸ் மாதிரி கரைச்சுடும். பெரிய சக்கர் மீன் இருந்தா பூச்சைச் சுரண்டிச் சுரண்டியே வெள்ளை உருண்டையை வெளிய எடுத்துடும்.

கடைசியா பாசி சுவர். ட்யூப் லைட்டுக்கு அடியில மாட்டுற சதுரக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் கிரில் இருக்குல்ல, அதுல வலை விரிச்சு நடுவுல ஜாவா மாஸ் பரப்பி நைலான் நரம்பால தச்சு சக்‌ஷன் கப்ல நிறுத்தறது. இந்த பிளாஸ்டிக் தண்ணியை விட கொஞ்சூண்டு வெயிட்டு, அதனால மிதக்குற தலைவலியே கிடையாது. ஆனா மாஸ் அடர்ந்தா உள்பக்கம் அழுகும், கத்தரிச்சுக்கிட்டே இருக்கணும், சக்‌ஷன் கப்பும் போகப்போக விறைச்சுப்போய் பிடி விட்டுடும். தோட்ட வேலை பிடிச்சவங்களுக்கு ஓகே.

ஆக புதுசா ஆரம்பிக்கிறவங்க கண்ண மூடிட்டு சன்போர்டு போடுங்க. நிஜமாவே பாறை வேணும்னா மூணு துண்டு தெர்மாகோல், ஆனா செதுக்குறதுக்கு முன்னாடி அதே அளவுக்கு அட்டை வெட்டி காலித் தொட்டிக்குள்ள இறக்கி ஏத்திப் பாத்துடுங்க. பின்னாடி தண்ணி ஓடுறதுக்கு கீழயும் மேலயும் வழி விட்டு அதுக்கு வலை அடிங்க, இல்லன்னா அழுக்கும் சேரும் குட்டி மீனும் போய் மாட்டும். அப்படியே ஒவ்வொரு துண்டோட மேல் ஓரத்துலயும் விரல் நுழையிற மாதிரி ரெண்டு குழி வெட்டி வைங்க, பாசி புடிச்சு வழுக்குற துண்டைப் புடிச்சுத் தூக்க அப்புறம் பிடிமானமே கிடைக்காது.