கேனபிள்: காரின் பேச்சைக் கேட்க உதவும் குட்டி போர்டு

காருக்குள் என்னென்ன தகவல் ஓடுகிறது என்று பார்க்கும் ஆசையில் நான் முதலில் வாங்கியது ஒரு மலிவான இஎல்எம்327 நகல், அதாவது காரின் ஓபிடி (பழுது கண்டறியும்) சாக்கெட்டில் மாட்டும் அடாப்டர். எஞ்சின் சூடு, ஆர்பிஎம் பார்க்க அது போதும். கேன் லைனில் (காரின் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயர்) ஓடுவதை எல்லாம் காட்டு என்றால் மட்டும் 'பஃபர் ஃபுல்' என்று நின்றுவிடும். 500 கிலோபிட் வேகத்தில் கொட்டும் செய்திகளுக்கு அதால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அப்புறம்தான் கேனபிள் வாங்கினேன். சின்ன யுஎஸ்பி போர்டு. கேண்டில்லைட் என்ற ஃபர்ம்வேரை (போர்டுக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றினால், லினக்ஸ் இதை நெட்வொர்க் கார்டு போலவே எடுத்துக்கொள்கிறது. ஓபிடி சாக்கெட்டின் 16 பின்களில் 6ஆவதும் 14ஆவதும் கேன் லைனின் இரு ஒயர்கள் (கேன் ஹை, கேன் லோ), 5ஆவது கிரவுண்ட். மூன்றே ஒயர்.

ஒரு முக்கியமான விஷயம். போர்டில் 120 ஓம் டெர்மினேஷனுக்கு (லைனின் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடை) ஒரு ஜம்பர், அதாவது கழற்றி மாட்டும் சின்ன இணைப்பு, உண்டு. காரில் மாட்டும்போது அதை எடுத்துவிடுங்கள். கார் லைனின் இரு முனையிலும் ஏற்கெனவே 120 ஓம் இருப்பதால், பேட்டரியைக் கழற்றிவிட்டு 6க்கும் 14க்கும் இடையே மீட்டர் வைத்தால் 60 காட்ட வேண்டும். எனக்கு 40 காட்டியது. ஜம்பரை எடுத்ததும் 60க்கு வந்தது.

முதலில் 'கேட்க மட்டும்' மோடில்தான் திறந்தேன். வண்டி நின்றபடி இருக்க, கேன்ஸ்னிஃபர் என்ற லினக்ஸ் புரோகிராமை ஓடவிட்டுப் பிரேக்கை மிதித்தேன். மாறும் பைட்டுகளை அது நிறம் மாற்றிக் காட்டும். ஒரு வரியில் ஒரே ஒரு பிட் 0லிருந்து 1 ஆனது. காலை எடுத்ததும் 0. இருபது தடவை மிதித்துப் பார்த்தேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எந்தப் புத்தகமும் சொல்லாமல் நாமே கண்டுபிடிக்கும் அந்த ஒரு பிட்டுக்காகவே இதை வாங்கலாம்.

நண்பரின் புது காரில் மாட்டினால் ஒரு செய்தியும் வரவில்லை. நடுவில் கேட்வே (செய்திகளை வடிகட்டி அனுப்பும் கணினி) இருக்கும் வண்டிகளில் அப்படித்தான். நாம் கேட்டால்தான் பதில் வரும். அனுப்பும் மோடுக்கு மாற்றி ஆர்பிஎம் கேட்டேன். 12, 128 என்று இரண்டு பைட் வந்தது. 12ஐ 256ஆல் பெருக்கி, 128ஐக் கூட்டி, 4ஆல் வகுத்தால் 800. மீட்டர் முள்ளும் அங்கேதான் நின்றது.

குறை என்றால், சாதாரண மாடலில் மின் தனிமைப்படுத்தல் (காருக்கும் லேப்டாப்புக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாமல் பிரிப்பது) கிடையாது, அது ப்ரோ மாடலில்தான். அதனால் லேப்டாப்பைச் சார்ஜரில் போடாமல்தான் வேலை செய்கிறேன். எனக்கு வந்த போர்டுக்கு உறையும் இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே இரும்பில் பட்டுவிடக் கூடாது என்று ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய்) போட்டிருக்கிறேன்.