எப்சிலன்–டெல்ட்டாவா, தொடர்வரிசையா: முதலில் எது?

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிற பிள்ளையளுக்குச் செங்கலடியில் மெய்ப் பகுப்பாய்வு (மெய்யெண் சார்புகளின் எல்லை, தொடர்ச்சி பற்றிய கணிதம்) சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு சார்பு தொடர்ச்சியானது என்று நிறுவ இரண்டு வழி. ஒன்று எப்சிலன்–டெல்ட்டா: சார்பின் பெறுமானம் எப்சிலன் என்ற எந்தச் சிறு தூரத்துக்குள் நிற்க வேணும் என்றாலும், அதற்கு எண் புள்ளிக்கு எவ்வளவு கிட்ட இருந்தால் போதும் என்று டெல்ட்டா என்ற தூரத்தைச் சொல்வது. மற்றது, 1872 இல் ஜேர்மன் கணிதவியலாளர் ஹைனே எழுதியதுபோல, அந்தப் புள்ளியை நெருங்கும் தொடர்வரிசைகளை வைத்துப் பார்ப்பது. இரண்டும் சமவலு என்பது தெரிந்ததே. நான் எப்சிலன்–டெல்ட்டாவைத்தான் முதலில் வைக்கிறேன்.

வேகம் தொடர்வரிசைக்குத்தான். எல்லை இல்லை என்று காட்டவும் அதுவே கைகொடுக்கும்: நிகர்மாற்றின் சைனில், அதாவது sin(1/x) இல், x பூச்சியத்தை அண்டும்போது ஒரு தொடர்வரிசை முழுக்க 0 தரும், இன்னொன்று முழுக்க 1 தரும். அவ்வளவுதான் வேலை. வர்க்கச் சார்பின் தொடர்ச்சியும் ஒரே வரி. ஆனால் அந்த வரி தொடர்வரிசை எல்லைகளின் பெருக்கல் விதியில் நிற்கிறது. அதை நிறுவவும் எப்சிலன் வேணும்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: எவ்வளவு கிட்ட வந்தால் போதும் என்று தொடர்வரிசை சொல்லாது. வர்க்கச் சார்பை 2 இல் பாருங்கள். எண்ணுக்கும் 2 இற்கும் உள்ள தூரம் 1 இலும் குறைவென்றால், எண் 1 இற்கும் 3 இற்கும் இடையில். ஆகவே எண்ணோடு 2 ஐக் கூட்டினால் 5 ஐத் தாண்டாது. வர்க்கத்துக்கும் 4 இற்கும் உள்ள தூரம், அந்தக் கூட்டுத்தொகையை எண்ணுக்கும் 2 இற்கும் உள்ள தூரத்தால் பெருக்கியதுதான். எப்சிலனை 5 ஆல் வகுத்து, அதிலும் 1 இலும் சிறியதை டெல்ட்டாவாக எடுத்தால் சரி. "எங்கயிருந்து சேர் வந்த இந்த அஞ்சு?" என்று பிள்ளை கேட்கிற இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது. உயர்தரத்தில் செய்த மட்டுச் சமனிலிகள் இங்கே உதவுகின்றன.

பிறகு 2 ஐ விட்டு 100 இற்குப் போகச் சொல்வேன். 5 இருந்த இடத்தில் 201 வரும். நாம் எடுத்த டெல்ட்டா மட்டுமில்லை, எடுக்கக்கூடிய மிகப் பெரிய டெல்ட்டாவும் புள்ளி தூரப் போகப் போகப் பூச்சியத்தை நோக்கிச் சுருங்கும். எல்லாப் புள்ளிக்கும் பொதுவான ஒரு டெல்ட்டா கிடைக்காது. சீரான தொடர்ச்சி, அதாவது எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்ட்டா போதும் என்பது, ஏன் தனிக் கருத்து என்று அதே தாளில் தெரிந்துவிடும். தொடர்வரிசையாலும் இதைக் காட்டலாம், ஆனால் எங்கே இறுகுகிறது என்று கண்ணுக்குப் படாது.

இரண்டு மாறிச் சார்புகளைப் படிப்பித்த பழக்கம் எனக்குக் குறைவு. அங்கே உற்பத்திக்கு, அதாவது (0, 0) புள்ளிக்கு, வெவ்வேறு பாதையால் வந்து எல்லை இல்லை என்று காட்டும் கணக்குகளே அதிகம். அந்தப் பாடத்துக்கு என்றால் தொடர்வரிசையை முன்னால் வைப்பேனோ தெரியாது.