நேட்டால் கப்பல் பட்டியல்: 'மூன்சாமி'யை முனுசாமி ஆக்க உதவுமா?

டர்பனில் பிறந்த ஒருவருக்கு மூன்சாமி என்று பெயர். ஆங்கிலத்தில் எம், இரண்டு ஓ, என். பள்ளியில் நிலாவைச் சொல்லிக் கேலி செய்வார்கள், வீட்டில் கேட்டால் "தாத்தா பேரு" என்பதற்கு மேல் பதில் வராது. இப்படிப்பட்டவர்களுக்குப் பயன்படும் இலவசக் கருவி ஒன்று இணையத்தில் இருக்கிறது: தென்னாப்பிரிக்காவின் க்வாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்து காந்தி-லுத்துலி ஆவண மையம் வைத்திருக்கும் கப்பல் பட்டியல். சென்னையிலிருந்து 342 பேரோடு போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் நங்கூரமிட்டது. அன்றிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் ஏறியவர்கள், மற்றவர்கள் கல்கத்தாவில்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. காலனி எண் (வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் தந்த பதிவு எண்), பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், எந்தத் தோட்ட முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பது வரை இருக்கும். இடது முழங்காலில் தழும்பு என்று ஓரிடத்தில் படித்ததும், அதுவரை வெறும் பெயராக இருந்த பாட்டனுக்கு உடம்பு வந்துவிடுகிறது.

முதல் நாளே பெயரைப் போட்டுத் தேடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முனுசாமிகள் குவிந்து கிடப்பார்கள், எவர் உங்களவர் என்று தெரியாது. முதலில் எண்ணைப் பிடியுங்கள். தாத்தா பாட்டியின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் காலனி எண் எழுதியிருக்கும். அங்கேயே பிறந்தவர் என்றால் எண் இருக்காது, 'காலனியில் பிறந்தவர்' என்ற குறிப்பு மட்டும் நிற்கும். அப்படியானால் இன்னும் ஒரு தலைமுறை மேலே போக வேண்டும். சான்றிதழே இல்லாதவர்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தின் சொத்துக் கோப்புகளில் இருக்கும் மரண அறிவிப்பைத் தேடலாம். எண் கிடைத்துவிட்டால் மீதி ஐந்து நிமிட வேலை. ஒன்றாக வந்த குடும்பம் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருக்கும் என்பதால், மேலும் கீழும் பத்து வரி படித்துவிடுங்கள்.

எண் கிடைக்காதவர்கள் பட்டியலை எக்செல்லில் வைத்துத் தேடுவது வசதி. உயிரெழுத்துகளை நம்பாதீர்கள், மெய்களை மட்டும் போட்டு நடுவில் நட்சத்திரக் குறி வையுங்கள்: எம்*என்*எஸ்*எம்*. கூகுள் ஷீட்ஸின் தேடுபெட்டியில் இந்த நட்சத்திர வித்தை எடுபடாது. இன்னொன்று: ஒரு பத்தியை (நெடுவரிசையை) மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் ஒருவர் பெயரும் இன்னொருவர் ஊரும் ஒரே வரியில் சேர்ந்துவிடும். மூலக் கோப்பின் பிரதி ஒன்றைத் தொடாமல் தனியே வைத்திருங்கள்.

பட்டியலின் பெரிய குறை எழுத்துக்கூட்டல். எழுத்தர் காதில் விழுந்தது அன்றைய மதராஸ் ஆங்கிலத்தில் ஏறியிருக்கிறது. 'உ' வந்தால் இரண்டு ஓ. 'அ'வுக்குப் பல இடங்களில் யு, அதனால்தான் தம்பி 'தும்பி' ஆனான். கடைசி 'ஐ' ஏ-ஒய் ஆகும், பிள்ளை பில்லே ஆனது அப்படித்தான். க-வும் ப-வும் சொல்லுக்கு முதலில் ஜி (G), பி (B) என மெலிந்தும் வரும். கூப்பூசாமியைக் குப்புசாமியாகவும் அர்னாசெல்லத்தை அருணாசலமாகவும் படிக்க, வாய்விட்டு வேகமாகச் சொல்லிப் பார்ப்பதுதான் வழி. பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு வட ஆற்காட்டுப் பேச்சு தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் அகராதியைவிட வேகமாக வேலை நடக்கும்.

தமிழுக்குத் திரும்பிய பிறகுதான் பெயர் பேசத் தொடங்குகிறது. குப்பு என்பது வசவு அல்ல. முந்தைய குழந்தைகள் தக்காமல் போன வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பையில் புரட்டியெடுத்து, எமன் சீந்தாதபடி வைத்த பெயர். பிச்சை என்ற பெயரும் இதே அச்சத்தில் பிறந்தது. மாரிமுத்துவில் இருப்பது அம்மனும் அம்மை முத்தும். முனுசாமி, முனீஸ்வரனைக் கும்பிடும் குடும்பங்களில் பரவலான பெயர். பெயரனைத் தலைகுனிய வைக்கிற ஆண் பெயர் பாவாடை. பாவாடைராயன் என்பவர் அங்காளம்மனுக்குக் காவல் நிற்கும் தெய்வம், மேல்மலையனூரில் இன்றும் அவருக்குப் படையல் உண்டு. இது தெரிந்த பிறகும் அந்தப் பெயரைச் சுருக்கி 'பாவ்' என்று எழுதிக்கொள்ள எவருக்கு மனம் வரும்?

'சாமி'யில் முடிந்த பெயர்களால் அங்கே எல்லா இந்தியரையும் வெள்ளையர் 'சாமி' என்றே ஏளனமாகக் கூப்பிட்டதையும், "சாமி என்றால் எஜமான், நான் உங்கள் எஜமான் அல்லவே" என்று சிலர் திருப்பிக் கொடுத்ததையும் காந்தி தன் வாழ்க்கை வரலாற்றில் குறித்திருக்கிறார்.

ஊர்ப் பத்தியில் கவனம் தேவை. வட ஆற்காடு ஜில்லா என்றிருந்தால் வேலூரோடு நின்றுவிடாதீர்கள். 1911 வரை சித்தூரும் அதற்குள்தான் இருந்தது. ராணிப்பேட்டைப் பக்கமும் அப்படியே. ஆனால் திருவண்ணாமலை அப்போது தென் ஆற்காட்டிலும் திருப்பத்தூர் சேலத்திலும் இருந்தன. வாண்டிவாஷ் வந்தவாசி, ஆர்னீ ஆரணி என்று தாலுகாவை முதலில் உறுதி செய்துவிட்டு, பிறகு கிராமத்துக்கு வாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருப்பது நம் பக்கத்தில் சகஜம். வயதுப் பத்தி உத்தேசக் கணக்கு. சாதிப் பத்தியில் கேட்டதையும் எழுதியிருப்பார்கள், ஊகித்ததையும் எழுதியிருப்பார்கள். சொந்தச் செலவில் போன வணிகர்கள் இந்தப் பட்டியலில் கிடையாது.

இன்னொரு குழப்பம் குடும்பப் பெயர். தகப்பன் பெயரைப் பின்னால் போடும் நம் வழக்கம் அங்கே ஏதோ ஒரு தலைமுறையில் உறைந்துபோனது. ஆகவே அண்ணனும் தம்பியும் வேறு வேறு குடும்பப் பெயரோடு பதிவாகியிருந்தால் உறவு பொய்யென்று முடிவு கட்ட வேண்டாம், தகப்பன் பெயர்ப் பத்தியை ஒப்பிடுங்கள்.

இந்தப் பட்டியலுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். ஒன்றைக் குறைப்பது தமிழ் எழுத்தில் ஒரு பத்திகூட இல்லாததற்காக.

கிடைத்த பெயரைக் கல்யாணப் பத்திரிகையிலோ கல்லறைக் கல்லிலோ தமிழில் பொறிக்கப் போகிறீர்கள் என்றால் தட்டச்சுக் கருவியிடம் கேட்காதீர்கள், அது 'மூன்சாமி' என்றே தரும். குடும்பத்திலேயே மூத்த அத்தையிடம் தாத்தாவை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வாங்குங்கள். தமிழ் படிக்கத் தெரியாத வீட்டிலும் கூப்பிட்ட விதம் மாறியிருக்காது.