“கொமிஷன் இல்லை” என்ற போர்டை நம்பி 313 யூரோ போனது: லண்டனிலிருந்து ஜேர்மனிக்குக் காசு அனுப்புகிறவர்கள் கவனம்

313 யூரோ. எங்கே, எப்படிப் போனது என்பது நேற்றுப் பின்னேரம்தான் முழுதாகப் பிடிபட்டது. ஆத்திரம் அடங்குவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதமும் எத்தனையோ பேர் இதே கவுண்டரில் நிற்கப் போகிறார்கள். குறைந்த செலவில் அனுப்புவது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

லண்டனில் பலசரக்குக் கடையின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்புப் போட்டுக் காசு அனுப்பும் கவுண்டர் வைத்திருப்பார்களே, அந்த வகைக் கடை. பெயரை இங்கே எழுதவில்லை. அக்கா 6,000 பவுண்ஸ் அனுப்பினார். ஃபிராங்க்ஃபர்ட்டில் மகளின் குடும்பத்துக்குப் புது வீடு. குளிர் வாடகை (சூடாக்கல் போன்ற செலவுகள் சேராத வாடகை) 1,700 யூரோ, முற்பணம் அதன் மூன்று மடங்கு 5,100, முதல் மாத முழு வாடகை 1,800. மொத்தம் 6,900 யூரோ. சல்லிக்காசு குறையாமல் 6,900 தேவை என்று கேட்டே போனார். போர்டில் பெரிய எழுத்தில் “கொமிஷன் 0”, அதற்குக் கீழே 1.15. ஆறாயிரத்தை 1.15 ஆல் பெருக்கினால் சரியாக 6,900. கவுண்டரில் இருந்தவர் கால்குலேட்டரில் அடித்து, கண்ணாடிப் பக்கம் திருப்பிக் காட்டியும் இருக்கிறார்.

வந்து சேர்ந்தது 6,587. குறைவு 313 யூரோ.

எல்லாம் பிழைத்த நிமிடத்தைச் சொல்ல வேண்டும். காசைக் கடையின் கணக்குக்கு வங்கிச் செயலியில் மாற்றச் சொன்னார்கள். அக்கா எண்ணைப் போட்டதும் திரையில் எச்சரிக்கை வந்தது: நீங்கள் எழுதிய பெயரும் கணக்கின் பெயரும் பொருந்தவில்லை. பிரித்தானிய வங்கிகள் பெயர் சரிபார்ப்பு வைத்திருப்பதே இந்த ஒரு நொடிக்காகத்தான். அக்கா தொலைபேசியைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். “அது எங்கட கொம்பனியின்ர மற்றப் பேர் அக்கா. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, தட்டிவிடுங்கோ. நாளைக்கு வெள்ளிக்கிழமை காசு அங்க நிக்கும்.” எங்கள் மொழி, எங்கள் ஊர்ப் பேச்சு, அக்கா என்ற ஒரு சொல். தட்டிவிட்டார்.

கையில் கொடுத்த பற்றுச்சீட்டை நான் பார்த்தது அதற்குப் பிறகுதான். தொகை 6,000.00. கட்டணம் 0.00. மாற்று வீதம் என்ற இடத்தில் எண் இல்லை, “அனுப்பும் நேரத்து வீதம்” என்ற சொற்கள் மட்டும். பெறுநருக்குக் கிடைக்கும் யூரோத் தொகை என்ற வரியே கிடையாது. போர்டில் இருந்த 1.15 எந்தத் தாளிலும் இல்லை. காசு வாங்குவதற்கு முன் கட்டணம், மாற்று வீதம், எத்தனை நாளில் போய்ச் சேரும் என்ற மூன்றையும் வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும் என்று பிரித்தானியாவின் 2017ஆம் ஆண்டுக் கொடுப்பனவுச் சேவை விதிகள் சொல்கின்றன. அந்தச் சீட்டில் மூன்றில் ஒன்று, அதுவும் பூச்சியம்.

வெள்ளி காசு வரவில்லை. “மத்தியானத்து கட் ஓஃப் தாண்டிட்டுது, திங்கள் வரும்.” திங்கள் கேட்டால், “ஜேர்மன் பாங்க் பிடிச்சு வைச்சிருக்கு, நாங்கள் என்ன செய்யிறது?” புதன் காலை 6,587 வந்ததும் போய் நின்றால், “ரேட் விழுந்திட்டுது அக்கா.” வீதம் விழவில்லை. காசு கொடுத்த வியாழக்கிழமை மதியம் சந்தை நடு வீதம் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது) 1.1530. அந்த வாரம் முழுக்க அது ஒரு சதவீதம்கூட ஆடவில்லை. அதைச் சொன்னதும், “ஹெட் ஒஃபீஸுக்கு ஈமெயில் போடுங்கோ.” எந்த முகவரிக்கு என்றால் பதில் இல்லை. அதன்பிறகு அக்காவின் இலக்கத்துக்கு அவர்கள் தொலைபேசி எடுப்பதும் இல்லை.

313 யூரோ எங்கே போனது என்பதை ஜேர்மன் வங்கியின் தாள்தான் காட்டிக்கொடுத்தது. கணக்கு அறிக்கையில் அனுப்பியவர் என்று இருந்தது அக்காவின் பெயரும் இல்லை, கடையின் பெயரும் இல்லை. வேறொரு நாட்டில் பதிந்த, நாங்கள் கேள்விப்படாத ஒரு நிறுவனம். வாடகை முற்பணம் என்று எழுதச் சொன்ன குறிப்பும் காணாமல் போய், ஏதோ ஒரு எண் மட்டும் இருந்தது. வந்த கொடுப்பனவின் முழு விவரத்தையும் எழுதிக் கேட்டு வாங்கினோம். சுவிஃப்ட் என்ற, வங்கிகள் நாடுகளுக்கிடையே பயன்படுத்தும் செய்தி வலை வழியாக வந்த காசில் தொடக்கத்தில் அனுப்பச் சொன்ன தொகை, இடையில் கழிந்த கட்டணம், கையில் வந்த தொகை என்று மூன்றும் தனித்தனியாகப் பதிவாகும். எம்டி 103 என்ற பழைய சுவிஃப்ட் கொடுப்பனவுத் தாள் என்றால் அனுப்பச் சொன்ன தொகை 33பி என்ற புலத்தில், கழித்த கட்டணம் 71எஃப் என்ற புலத்தில். இங்கே அனுப்பச் சொன்னதே 6,612 யூரோ. நடுவில் ஒரு வங்கி 25 யூரோ வெட்டியிருக்கிறது. மிச்சம் 6,587.

6,612ஐ 6,000ஆல் பிரித்துப் பாருங்கள்: 1.1020. போர்டில் 1.15, சந்தையில் 1.1530, எங்கள் காசை மாற்றியது 1.1020க்கு. “கொமிஷன் 0” என்பதன் பொருள் இதுதான். கட்டணத்தை விட்டுவிட்டு வீதத்துக்குள் 4.4 சதவீதத்தை ஒளித்துவிட்டார்கள். 6,000 பவுண்ஸுக்கு அது மட்டும் 306 யூரோ, இடைவங்கியின் 25ஐயும் சேர்த்தால் சந்தை வீதத்தோடு ஒப்பிட 331. வாயால் சொன்ன 6,900ஓடு ஒப்பிட்டால் 313. அரைச் சதவீதக் கட்டணம் வாங்கி, நடு வீதத்திலேயே மாற்றித் தரும் ஒரு சேவையில் இதே 6,000ஐப் போட்டிருந்தால் 30 பவுண்ஸ் போக 5,970க்கு 6,883 யூரோ வந்திருக்கும். “கட்டணம் இல்லை” என்பவரைவிடக் கட்டணம் கேட்பவர் ஏறக்குறைய 300 யூரோ மலிவு. இதைத்தான் எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்த முடியாமல் இருக்கிறது.

அந்த 25 யூரோவும் போயிருக்கத் தேவையில்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினாலும் செபா என்ற யூரோக் கொடுப்பனவு வலையை விட்டு விலகவில்லை. சுவிட்சர்லாந்தும் நோர்வேயும் அதில் இருக்கின்றன. செபா வழியாகக் கணக்குக்குக் கணக்கு போகும் காசில் நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது. அனுப்பிய தொகை அப்படியே, வழக்கமாக அடுத்த வேலை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போவதால் அனுப்புபவரின் முழு முகவரியும், ஐபான் என்ற கணக்கு எண்ணோடு வங்கியைக் காட்டும் பிக் குறியீடும் கேட்பார்கள், அவ்வளவுதான். இவர்கள் காசை மூன்றாவது நாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்து, அது சுவிஃப்ட்டில் சுற்றி வந்ததால்தான் ஐந்து நாள் தாமதம், 25 யூரோ வெட்டு, தெரியாத பெயர்.

அந்தத் தெரியாத பெயர் காசைவிடப் பெரிய தொல்லை. முன்பின் தெரியாத வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து ஆயிரக்கணக்கில் காசு வந்தால், கள்ளப் பணமோ என்று வங்கி கேள்வி கேட்கலாம், கணக்கையும் நிறுத்தி வைக்கலாம். அனுப்பியது அக்காதான் என்று நிரூபிக்க ஒரு வெப்பத்தாள் பற்றுச்சீட்டைத் தவிர ஒன்றும் இல்லை. மருமகன் சாவி வாங்கும் நாளில் 313 யூரோவை நண்பரிடம் கைமாற்றாக வாங்கிக் கட்டினார். ஜேர்மன் சட்டப்படி முற்பணத்தை மூன்று மாதத் தவணையாகக் கட்டலாம் என்பதை வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லவும் நேரம் இருக்கவில்லை.

சுவரில் சட்டம் போட்டுத் தொங்கிய சான்றிதழைப் பார்த்து நம்பியதாக அக்கா சொன்னார். படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அது பிரித்தானிய வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியில், கறுப்புப் பண ஒழிப்புக்காகப் பதிந்ததற்கான தாள். காசு அனுப்பும் தொழிலுக்கு அது மட்டும் போதாது, நிதிச் சேவைகளைக் கண்காணிக்கும் எஃப்சிஏயின் பதிவேட்டிலும் பெயர் இருக்க வேண்டும். தேடியதில் கடை வேறொரு நிறுவனத்தின் முகவர் என்று தெரிந்தது. முகவர் செய்ததற்கு முதன்மை நிறுவனமே பொறுப்பு. அவர்கள் தர மறுத்த “ஹெட் ஒஃபீஸ்” முகவரி பதிவேட்டில் எவரும் பார்க்கும்படி கிடக்கிறது. பதிவேட்டில் “சிறிய கொடுப்பனவு நிறுவனம்” என்று இருந்தால் இன்னும் கவனம்: வாடிக்கையாளர் காசைத் தனியாகப் பிரித்து வைக்கும் கடமை அவர்களுக்கு இல்லை. கடை மூடினால் வங்கி வைப்புக்கு இருக்கிற இழப்பீட்டுத் திட்டமும் இதற்குக் கிடையாது. அக்காவின் வங்கியிலும் கேட்டோம். காசு போய்ச் சேர்ந்துவிட்டது, இது மோசடி அல்ல, உங்களுக்கும் கடைக்கும் உள்ள பிணக்கு என்று சொல்லிவிட்டார்கள். பெயர் பொருந்தவில்லை என்று எச்சரித்தோமே என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

முறைப்பாடு இன்று காலை முதன்மை நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. 313 யூரோவும் எழுத்தில் ஒரு விளக்கமும் கேட்டிருக்கிறோம். 15 வேலை நாளுக்குள் இறுதிப் பதில் தர வேண்டும், விதிவிலக்காக 35 வரை இழுக்கலாம். பதில் சரியில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் நிதிப் பிணக்குகளை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

குறைந்த செலவில் அனுப்பும் வழியை விரிவாக எழுதவே நினைத்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு. கட்டணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், “இத்தனை பவுண்ஸ் தந்தால் அங்கே கணக்கில் எத்தனை யூரோ விழும்” என்று கேட்டு, அந்த எண்ணை எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பிய மத்திய வங்கி ஒவ்வொரு வேலை நாளும் மத்திய ஐரோப்பிய நேரம் மாலை 4 மணியளவில் வெளியிடும் வீதத்தோடு ஒப்பிடுங்கள், ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்தால் திரும்பி வாருங்கள். செபாவா சுவிஃப்ட்டா என்று கேளுங்கள். பவுண்ஸாகவே யூரோக் கணக்குக்கு அனுப்ப வேண்டாம், அங்குள்ள வங்கி தன் வீதத்தில் மாற்றும். சனி ஞாயிறில் மாற்ற வேண்டாம், சந்தை மூடியிருப்பதால் சில செயலிகள் கூடுதலாக எடுக்கும். ஜேர்மன் ஐபான் 22 எழுத்து, எண் பிழைத்தால் அதுவே காட்டிக்கொடுக்கும், ஆனால் சரியான ஐபான் வேறொருவருடையதாக இருந்தால் காட்டாது. 2025 ஒக்டோபர் 9இலிருந்து யூரோ வலய வங்கிகள் பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி பிரித்தானியாவிலிருந்து போகும் காசுக்குப் பொருந்தாது. ஆகவே பெரிய தொகை என்றால் முதலில் 10 யூரோ அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டு மிச்சத்தை அனுப்புங்கள். திரையில் பெயர் பொருந்தவில்லை என்று வந்தால், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் என்ன சொன்னாலும் தட்டாதீர்கள்.

பற்றுச்சீட்டைக் கவுண்டரிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் சீட்டில் இரண்டு வாரத்திலேயே எழுத்து மங்கத் தொடங்கிவிட்டது.