ரிஜெக்ட் ஆன விளம்பரங்களைச் சரிசெய்வது: மதுரைக் கடைகளுக்கு விளம்பரம் ஓட்டிய அனுபவத்தில்

மாசி வீதிகளைச் சுற்றியுள்ள கடைகளுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுளில் விளம்பரம் ஓட்டிக் கொடுப்பது என் தொழில். சுங்குடிச் சேலை, நாட்டு மருந்து, டியூஷன் சென்டர் என்று எல்லாம் கலந்து வரும். விளம்பரம் ரிஜெக்ட் ஆகிவிட்டது என்று என்னிடம் வருகிறவர்களில் பலர், அதையே டூப்ளிகேட் எடுத்துத் திரும்பத் திரும்ப ஏற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரே மீறல் அடிக்கடி வந்தால் கடைசியில் அக்கவுண்டையே முடக்கிவிடுவார்கள்.

அதிகம் அடிபடுவது நாட்டு மருந்துக் கடைகள்தான். "உங்களுக்குச் சர்க்கரை நோயா? மூன்றே மாதத்தில் பூரண குணம்!" என்று நோட்டீஸில் அடித்துப் பழகிய வாசகம் அப்படியே ஃபேஸ்புக்குக்கு வரும். பார்ப்பவருக்கு இன்ன நோய் இருக்கிறது என்று விளம்பரம் சுட்டக்கூடாது என்பது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விதி. இந்த வாசகம் முதல் வரியிலேயே அதில் மாட்டிக்கொள்கிறது. அதைவிடப் பெரியது நம் நாட்டுச் சட்டம். நீரிழிவு உள்ளிட்ட பல நோய்களைப் பட்டியல் போட்டு, அவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் 1954-லிருந்து இருக்கிறது.

"தம்பி, சர்க்கரைக்குன்னு போடாம எவன் வாங்குவான்?" என்று ஒரு கடைக்கார அண்ணாச்சி கேட்டார். அவர் கவலை நியாயமானது. ஆனால் அவர் கடையில் சொல்லத்தக்க விஷயம் வேறு நிறைய இருந்தது. "நிழலில் உலர்த்திய ஆவாரம்பூ. தண்டு, காம்பு நீக்கிச் சுத்தம் செய்தது. கடையிலும் கூரியரிலும் கிடைக்கும்" என்று மாற்றினோம். வாடிக்கையாளரின் உடம்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுச் சரக்கைப் பற்றிப் பேசினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். வந்து வாங்குகிறவர்களுக்கும் அதுதான் நேர்மையான விளம்பரம்.

மாற்றிய பிறகும் அது ரிஜெக்ட் ஆனது. விளம்பரத்தை அமுக்கினால் திறக்கும் இணையப் பக்கத்தை அடிவரை தள்ளிப் பார்த்தேன். பழைய நோட்டீஸை ஸ்கேன் செய்து ஒட்டியிருந்தார்கள். "பூரண குணம்" அதில் சிவப்பு எழுத்தில் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒல்லி, குண்டு என்று 'முன்–பின்' போட்டோ வேறு. பரிசீலனையில் அந்தப் பக்கத்தையும் பார்ப்பார்கள். இரண்டையும் எடுத்துவிட்டு மறுபரிசீலனைக்கு அனுப்பினோம், ஓகே ஆனது. அதனால் வாசகத்தில் கை வைக்கும் முன் அந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரை பாருங்கள்.

கூகுளில் பக்கம் திறக்கவில்லை என்று காரணம் வந்தால் இன்னும் குழப்பம். ஒரு சுங்குடிச் சேலைக் கடையின் தளம் எங்கள் எல்லார் போனிலும் நன்றாகத் திறந்தது. தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று பதிவாகும் சர்வர் லாக்கைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: விளம்பரப் பக்கங்களைச் சோதிக்க வரும் கூகுளின் 'ஆட்ஸ்பாட்' என்ற தானியங்கி நிரல் வந்த இடத்திலெல்லாம் 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பதில். வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாவற்றையும் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஃபயர்வால் என்ற பாதுகாப்பு அரண் தடுத்துக்கொண்டிருந்தது. அதைத் திறந்துவிட்டு அப்பீல் போட்டோம். அப்பீலில் கேட்கும் காரணத்தைக் கவனித்துத் தேர்வு செய்யுங்கள். முடிவே தவறு என்று மறுப்பது வேறு, விதிப்படி மாற்றிவிட்டேன் என்று சொல்வது வேறு. நாங்கள் போட்டது இரண்டாவது.

வாசகத்துக்குள் போன் நம்பர் போடுவது, வரிசையாக ஆச்சரியக்குறி அடுக்குவது எல்லாம் கூகுளில் நிற்காது. நம்பரைக் காட்டத் தனி வசதி இருக்கிறது, அதில் போடுங்கள்.

மெட்டா, கூகுள் எடுத்த முடிவு உண்மையிலேயே தவறாக இருந்தால் தயங்காமல் மறுக்க வேண்டும். ஒரு தீபாவளிக்குச் சேலை விளம்பரம், வெடிபொருள் என்று ரிஜெக்ட் ஆனது. மூலையில் அலங்காரத்துக்கு ஒரு மத்தாப்புப் படம் இருந்ததுதான் காரணம். அப்பீல் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மத்தாப்பை எடுத்து அகல்விளக்கு வைத்த படத்தைத் தனியாக ஓட்டினோம். அப்பீலும் ஜெயித்தது, ஆனால் அதற்குள் வியாபார நாட்கள் ஓடிவிட்டன. பரிசீலனை பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடியும் என்றாலும், பண்டிகை விளம்பரத்தை ஒரு வாரம் முன்பே ஏற்றி வைத்துவிடுவது நல்லது.

பட்டாசுக்கே விளம்பரம் கேட்டும் ஐப்பசி பிறந்தால் ஆள் வரும், சிவகாசி பக்கம்தானே. அதை நான் எடுப்பதே இல்லை. மெட்டா, கூகுள் இரண்டுமே பட்டாசு விளம்பரத்தை அனுமதிப்பதில்லை, ஆன்லைன் விற்பனையை உச்ச நீதிமன்றமும் 2018-ல் தடுத்துவிட்டது. எந்த வார்த்தை ஜாலத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. கூகுளில் வெடிபொருள் விதியை மீறினால் முதலில் எச்சரிக்கை, அப்புறம் 3 நாள் நிறுத்தம், அடுத்து 7 நாள், அதற்கும் மேல் போனால் அக்கவுண்ட் முடக்கம். நிறுத்தம் வந்தால் அந்த அக்கவுண்டில் ஓடும் மற்ற விளம்பரங்களும் சேர்ந்தே நிற்கும். பல கடைகளுக்கு வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு கடைக்கும் அவர்கள் பெயரிலேயே தனி அக்கவுண்ட் வைத்துக் கொடுங்கள்.