பொறியியலா, பி.எஸ்சி.யா? கடலூர்ப் பிள்ளைகள் கணினி படிக்க இரண்டு வழிகள்

பண்ருட்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியிலோ, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ பி.ஈ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்துவிட்டால் யோசிக்க ஒன்றும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். சிக்கல் கட்-ஆஃப் கொஞ்சம் குறைந்துபோன பிள்ளைகளுக்குத்தான். "எந்த காலேஜா இருந்தா என்ன, சி.எஸ்.ஈ. கிடைச்சா போதும்" என்று மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு நகையை அடகு வைக்கக் கிளம்பிவிடுகிறார்கள் வீட்டில். அதற்கு முன் இன்னொரு வழியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. என்ற கணினி முதுகலைப் படிப்பில் சேர்வதுதான் அந்த வழி.

முதலில் காலக் கணக்கு. பி.ஈ. 4 வருடம். மற்றது 3+2, ஆக 5 வருடம். முன்பு எம்.சி.ஏ. 3 வருடப் படிப்பாக இருந்தபோது இந்த வழி நீளம்தான். 2020-21 முதல் அதை 2 வருடமாக்கிவிட்டதால் வித்தியாசம் ஒரே வருடம். அதோடு, பி.எஸ்சி. முடிந்ததும் கையில் ஒரு பட்டம் இருக்கும். டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், பி.எட். போகலாம், வேலைக்கும் போகலாம். பொறியியலில் மூன்றாம் வருடத்தில் அரியர் குவிந்து நின்றுபோனால் கையில் ஒன்றும் இருக்காது. அப்படி நின்றுபோன பிள்ளைகள் இல்லாத தெரு நம் ஊரில் குறைவு. அதைச் சொல்லாமல் கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசுவது சரியில்லை.

பண விஷயத்தில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால், 2021-ல் வந்த 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் கவுன்சிலிங் மூலம் கிடைக்கும் பொறியியல் இடத்துக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. தனியார் கல்லூரியாக இருந்தாலும் அப்படித்தான். அந்தப் பிள்ளைக்கு ஓரளவு நல்ல கல்லூரியில் சி.எஸ்.ஈ. கிடைத்தால் நான் பி.ஈ. பக்கம்தான் நிற்பேன். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இரண்டு வழிக்கும் பொது. ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அந்தக் கட்டணச் சலுகை இல்லை. கடன் வாங்கிச் சேரும் குடும்பத்துக்குத்தான் நான் மேலே சொன்ன எச்சரிக்கை.

புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம், அதாவது பாகூர், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு சென்டாக் என்ற புதுச்சேரி அரசின் கவுன்சிலிங் வழியாகப் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1984-ல் தொடங்கிய பழைய புதுவை பொறியியல் கல்லூரிதான் 2020-ல் பல்கலைக்கழகம் ஆனது. காரைக்கால் திருவேட்டக்குடியில் உள்ள என்.ஐ.டி.யிலும் புதுச்சேரிக்காரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அதற்கு ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். கடலூர் முகவரிக்காரருக்கு இந்த உள்ளூர்ச் சலுகைகள் கிடைக்காது. ஆனால் எம்.சி.ஏ.வுக்கு நான் சொன்ன புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம், நுழைவு க்யூட்-பி.ஜி. என்ற அகில இந்திய முதுகலை நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. கடலூர்ப் பிள்ளையும் தாராளமாகப் போட்டியிடலாம்.

சரி, பாடத்துக்கு வருவோம். இங்கேதான் பி.எஸ்சி. உண்மையிலேயே பின்தங்குகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைதான், இரண்டாவதில் சி, மூன்றாவதில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்கிரீட் மேத்ஸ், கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன், நான்காவதில் அல்காரிதம்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், ஐந்தாவதில் கம்பைலர் டிசைன், நெட்வொர்க்ஸ் என்று அடுக்கடுக்காகப் போகும். பி.எஸ்சி.யில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் வரும். ஆனால் கணிதமும், கம்பைலர் மாதிரியான ஆழமான பாடங்களும் பொதுவாக மெலிந்தே இருக்கும். இந்தக் குறையை மறைத்து யாருக்கும் பி.எஸ்சி.யைச் சிபாரிசு செய்யக் கூடாது.

ஆனால் பட்டியலில் பாடம் இருப்பது வேறு, பிள்ளைக்கு அது தெரிவது வேறு. பி.ஈ. மூன்றாம் வருடம் படிக்கும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒரு சின்னக் கேள்வி: லிங்க்டு லிஸ்ட்டை, அதாவது ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டியைக் காட்டும் சங்கிலியை, திருப்பிப் போடு. பல பேர் ரெக்கார்ட் நோட்டில் எழுதியதை மனப்பாடமாக அப்படியே ஒப்பிப்பார்கள். பேப்பரில் மூன்று பெட்டி வரைந்து அம்புக்குறி போடு என்றால் தடுமாற்றம் தொடங்கும். அடுத்த பெட்டி எங்கே இருக்கிறது என்பதை ஒரு பாயின்டரில் (இடத்தைக் குறித்துவைக்கும் மாறியில்) பத்திரப்படுத்திவிட்டுத்தான் அம்பைத் திருப்ப வேண்டும். முதலிலேயே திருப்பிவிட்டால் மீதி லிஸ்ட் கைவிட்டுப் போய்விடும். லிஸ்ட்டே காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் மௌனம். லேபில் ஒரு மெஷினுக்கு மூன்று பேர் உட்கார்ந்து, ஒருவன் டைப் அடிக்க இருவர் பார்த்துக்கொண்டிருந்தால் விளைவு இதுதான். அந்த ஒருவனாக உங்கள் பிள்ளை இருப்பானா என்று பாருங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தை விட லேபை, அங்கே நடக்கும் வகுப்பைப் பார்ப்பது பலன் தரும்.

நல்ல கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைக்கலாம் என்ற உச்சவரம்பை 2024-25 முதல் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டது. இடம் கூடினால் ஆசிரியரும் அதே அளவு கூட வேண்டும் அல்லவா? சேருவதற்கு முன் கணினித் துறையில் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். ஏ.ஐ., டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று பெயர் மாறும் கிளைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்; செமஸ்டர் வாரியான பாடப் பட்டியலை வாங்கிப் படித்தால் போதும்.

வேலை என்று பார்த்தால், பி.எஸ்சி.யோடு நிறுத்திக்கொள்வதுதான் பலவீனம். பெரிய ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகள் பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களையும் எடுக்கின்றன, சம்பளம் குறைவாக இருக்கும். விப்ரோ போல, வேலையோடு எம்.டெக். படிக்க வைக்கும் திட்டங்களும் உண்டு. எம்.சி.ஏ. முடித்தால் பல கேம்பஸ் தேர்வுகளில் பி.ஈ.க்காரர்களோடு ஒரே வரிசையில் உட்கார முடியும். பி.எஸ்சி. படிக்கும்போதே சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் ஆன்லைன் படிப்பையும் சேர்த்துப் படிக்கலாம். அந்தக் கணிதமும் புள்ளியியலும் மேலே சொன்ன ஓட்டையை ஓரளவு அடைக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதில் கட்டணச் சலுகையும் உண்டு. கம்பைலருக்கும் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனுக்கும் ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். வீடியோக்கள் இலவசம்.

ஒரு நிபந்தனை: எம்.சி.ஏ.வுக்குப் பல இடங்களில் பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணக்கு படித்திருக்க வேண்டும். அதனால் அலைடு மேத்ஸ் (துணைப்பாடமாகக் கணிதம்) இல்லாத பாடப்பிரிவில் தெரியாமல் சேர்ந்துவிடாதீர்கள். பி.எஸ்சி. கடைசி வருடம் தொடங்கும்போதே க்யூட்-பி.ஜி., தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கான டான்செட், என்.ஐ.டி.களுக்கான நிம்செட் மூன்றுக்கும் ஒன்றாகத் தயாராக வேண்டும். க்யூட்-பி.ஜி. விண்ணப்பம் செமஸ்டர் தேர்வு மும்முரத்தில் டிசம்பர், ஜனவரி வாக்கில் வந்து போய்விடும். தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு.