ஏ3 அளவில் சுருக்கிய பி அண்ட் ஐடி புத்தகம்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

சேலத்தில் ஓர் ஆலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர் கேட்டார்: "பாய்லர் பி அண்ட் ஐடி முழுசையும் ஏ3-ல ஸ்பைரல் போட்டுக் கொடுத்திருக்காங்க. டிராயிங் படிச்சுப் பழக இது போதுமாங்க?" பி அண்ட் ஐடி என்பது குழாய்கள், வால்வுகள், கருவிகள் எப்படி இணைகின்றன என்பதைக் குறிகளால் காட்டும் வரைபடம். இப்படிப்பட்ட புத்தகத்தை வருடக்கணக்கில் புரட்டி வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ1 தாளைச் சுருட்டிக்கொண்டு பாய்லர் மேடை ஏற முடியாது. ஏ3 புத்தகம் கக்கத்தில் அடங்கும். டேப்லெட் இருக்கிறதே என்பார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் வால்வு தெரியும், அது எந்த லைனில் இருக்கிறது என்பது திரைக்கு வெளியே போய்விடும். சேலத்து ஏப்ரல் வெயிலில், அதுவும் பாய்லர் பக்கத்தில், பல டேப்லெட்டுகள் சூடேறி அணைந்தும் போகும்.

எதிர்பாராமல் கிடைத்த வசதி ஒன்று உண்டு. ஒரு பக்க அச்சு என்பதால் ஒவ்வொரு டிராயிங்குக்கும் எதிரே இடப்பக்கம் வெற்றாக இருக்கும். கற்பவருக்கு அந்த வெற்றுப் பக்கம்தான் பள்ளிக்கூடம். முதலில் டிராயிங்கில் தடித்த கோட்டை மட்டும் ஹைலைட்டரால் தொடருங்கள்: டீஏரேட்டர், ஃபீட் பம்ப், எகனாமைசர், டிரம், சூப்பர்ஹீட்டர், மெயின் ஸ்டீம். நீருக்கு ஒரு நிறம், நீராவிக்கு ஒரு நிறம். தாள் முடியும் இடத்தில் உள்ள அம்புக்குறிப் பெட்டியில் அடுத்த தாளின் எண் இருக்கும். அதைப் பிடித்துப் போங்கள். அது முடிந்ததும் ஒரு லூப்பை (ஒன்றை அளந்து கட்டுப்படுத்தும் கருவிகளின் தொடரை) எடுத்து எதிர்ப்பக்கத்தில் கையால் வரையுங்கள். நீரும் நீராவியும் பிரியும் டிரம்மின் நீர்மட்டக் கட்டுப்பாடே நல்ல தொடக்கம். எல்டி (மட்டத்தை அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்), ஸ்டீம் எஃப்டி, ஃபீட் வாட்டர் எஃப்டி (நீராவி, நீர் ஓட்டங்களை அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்கள்) என்று மூன்று சிக்னல்கள் ஏன் வருகின்றன? லோடு (நீராவித் தேவை) திடீரென ஏறினால் டிரம் அழுத்தம் இறங்கும், குமிழிகள் பெருத்து மட்டம் உயர்ந்ததுபோலக் காட்டும். மட்டத்தை மட்டும் நம்பும் கண்ட்ரோலர், அதிக நீர் தேவைப்படும் அந்த நேரத்திலேயே வால்வை மூடும். ஸ்டீம் ஃப்ளோவையும் ஃபீட் ஃப்ளோவையும் சேர்ப்பது அதற்காகத்தான். இதைக் கையால் வரைந்து புரிந்துகொண்டவருக்கு மற்ற லூப்புகள் தானாக விளங்கும்.

இவ்வளவு நல்ல புத்தகத்தைக் கெடுப்பது ஒன்றே ஒன்று. ஏ1-ஐ ஏ3 ஆக்கும்போது நீளமும் அகலமும் சரிபாதி ஆகின்றன. ஏ1-ல் 2.5 மி.மீ. உயரத்தில் இருந்த எழுத்து 1.25 மி.மீ. ஆகிவிடும். எழுத்தையாவது லென்ஸ் வைத்துப் படிக்கலாம். கோட்டின் வகையை என்ன செய்வது? இடையிடையே இரட்டைச் சாய்கோடு போட்டது நியூமேட்டிக் (காற்றழுத்தச் சிக்னல்), விட்டுவிட்டு வருவது மின் சிக்னல், சிறு வட்டம் கோத்தது சாஃப்ட்வேர் இணைப்பு, பெருக்கல் குறி போட்டது கேப்பிலரி (திரவம் நிரப்பிய மெல்லிய குழாய்). பாதி அளவில் இவை எல்லாமே ஒரே மங்கலான புள்ளிக்கோடு.

கண்ட்ரோலரிலிருந்து 4–20 மில்லி ஆம்பியர் மின் சிக்னலாகப் புறப்பட்டு, ஐ/பி கன்வெர்ட்டரில் 3–15 பிஎஸ்ஐ காற்றாக மாறி வால்வுக்குப் போகிறது. வால்வு அசையவில்லை என்றால் மல்டிமீட்டரை எதுவரை வைப்பது, பிரஷர் கேஜை எங்கிருந்து வைப்பது என்பதைச் சொல்வது அந்தச் சாய்கோடுகள்தான். அவை தேய்ந்துபோன தாளில் கற்பவர் முழு லூப்பையும் மின்சாரம் என்றே நினைப்பார், காற்றைச் சுத்தமாக்கி அழுத்தத்தைச் சீராக்கும் ஏர் ஃபில்டர் ரெகுலேட்டர் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்.

எஃப்ஒய் (ஓட்டச் சிக்னலைக் கணக்கிடும் அல்லது மாற்றும் கருவி) வட்டமும் இப்படித்தான். ஒரே லூப்பில் ஒரு எஃப்ஒய் வர்க்கமூலம் எடுக்கும், இன்னொன்று ஐ/பி. எது எது என்பது வட்டத்துக்கு வெளியே உள்ள சின்னக் குறியில்தான் இருக்கிறது. அது தெரியாவிட்டால், டிரான்ஸ்மிட்டரில் ஏற்கெனவே எடுத்த வர்க்கமூலத்தை டிசிஎஸ்-ஸிலும் (ஆலையின் கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பிலும்) எடுத்திருக்கிறார்களா என்று எப்படிச் சரிபார்ப்பது? ஆரிஃபிஸில் (ஓட்டத்தை அளக்கக் குழாயில் வைக்கும் துளைத்தகட்டில்) ஃப்ளோ 50 சதவீதமாக இருக்கும்போது டிஃபரன்ஷியல் பிரஷர் (அழுத்த வித்தியாசம்) 25 சதவீதம். ஒருமுறை மூலம் எடுத்தால் 50 வரும், இருமுறை எடுத்தால் திரையில் 70.7 காட்டும். பூஜ்யத்திலும் முழு அளவிலும் சரியாகக் காட்டி நடுவில் ஏமாற்றுகிற பிழை இது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வால்வுக்குக் கீழே போட்டிருக்கும் எஃப்ஓ, எஃப்சி குறிகளில். காற்று போனால் திறக்குமா, மூடுமா என்பதை ஒரே ஓர் எழுத்து சொல்கிறது. ஃபீட் வாட்டர் வால்வு பெரும்பாலும் திறக்கும்படி இருக்கும், எரிபொருள் அடைப்பு வால்வு மூடும்படி இருக்கும். ஆங்கில ஓ-வும் சி-யும் 1.25 மி.மீ. உயரத்தில், அதுவும் மை கொஞ்சம் பரவினால், ஒன்றுதான். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எழுத்தை இப்படிக் கொடுப்பது பொறுப்பில்லாத வேலை.

குறிகளின் பொருளைச் சொல்லும் லெஜண்ட் தாள்களையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், "அதில் பிளாண்ட் ஒன்றும் இல்லையே" என்று. புதியவருக்கு அதுதான் முதல் பாடம். சதுரத்துக்குள் வைர வடிவம், கருவிக் குறிகளுக்கான தரநிலையான ஐஎஸ்ஏ 5.1-ன் பழைய 1984 பதிப்பில் பிஎல்சி (நிரல்படுத்தக்கூடிய கண்ட்ரோலர்). 2009 பதிப்பிலோ அது பாதுகாப்பு இன்டர்லாக் அமைப்பாகவும் இருக்கலாம். உங்கள் டிராயிங் எதைப் பின்பற்றுகிறது என்பதை லெஜண்ட்தான் சொல்லும்.

லேஅவுட் டிராயிங்குகளையும் அதே புத்தகத்தில் கட்டியிருந்தால், டைட்டில் பிளாக்கில் 1:50 என்றே இருந்தாலும் தாளில் இருப்பது 1:100. ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், எழுதிய அளவை மட்டும் எடுங்கள். பி அண்ட் ஐடிக்கு ஸ்கேலே கிடையாது. ஸ்டீம் எஃப்டி-யைப் பைப்புக்கு மேலே வரைந்திருப்பார்கள், நேரில் அது கண்டன்சேட் பாட்டுடன் (நீராவி குளிர்ந்து நீராகத் தங்கும் சிறு கலத்துடன்) டேப்பிங்குக்குக் (குழாயில் இணைப்பு எடுக்கும் இடத்துக்கு) கீழே இருக்கும். அதற்கு, கருவியை எப்படிப் பொருத்துவது என்று காட்டும் ஹூக்கப் டிராயிங்கைப் பார்க்க வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து வந்துபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்து ஸ்பைரல் ஓட்டை கிழியும். லேமினேஷன் போடுவதானால் மேட் போடுங்கள், பளபளப்பில் பென்சில் ஏறாது.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். அனுபவமுள்ளவர் கையில் இருக்கட்டும், கற்பவருக்கு இந்தப் புத்தகத்தைத் தர எனக்கு மனமில்லை. லெஜண்ட், ஃபீட் வாட்டர், டிரம், மெயின் ஸ்டீம் தாள்களை மட்டும் ஏ1-ல் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பிளாட்டர் (பெரிய தாளில் அச்சிடும் இயந்திரம்) வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்த படத்தைக் கொடுக்காமல் மூல பிடிஎஃப்பைக் கொடுங்கள். தாளுக்குப் பொருத்து என்ற தேர்வை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில், முழுக் கறுப்பில் அடிக்கச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லாவிட்டால், கலரில் வரைந்த கேட் (கணினி வரைபட) கோப்பின் மஞ்சள் லேயர் வெளிறிவிடும். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நியூமேட்டிக் கோட்டையும் ஒரு மின் கோட்டையும் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் திருப்பிக் கொடுத்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.